ஸ்ரீமதி ஜானகி அம்மாள்: மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்

 

கணித மேதை ராமானுஜத்தைப் பற்றிப் பேசும்படி நம் காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். அதற்குக் கணிதம் தெரிய வேண்டும். எனக்கோ பால்கணக்குக்கு மேல் ஓடாது. ஆகையால், அவருக்குக் கடைசிக் காலத்தில் பணிவிடை செய்த தர்மபத்தினி ஜானகி அம்மாளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தரவு வேண்டுகிறேன்.

அம்மையார் 1899-ல் பிறந்தவர். கரூர்ப் பக்கத்து ராஜேந்திரம் கிராமத்தவர். 1909 ஜூலையில் விவாகமானபோது வயது பத்து. பர்த்தாவுடன் குடித்தனம் செய்த காலமோ வெகு சொற்பம். 1914 மார்ச்சில் அவர் சீமைக்குக் கப்பலேறினார்; ஐந்து வருஷங் கழித்து, 1919 மார்ச்சில், நோயாளியாய்த் திரும்பினார். இடையில் மாமியாருடன் உண்டான மனஸ்தாபத்தால் அம்மையார் பிறந்தகம் போயிருந்தார். அவ்வழக்கை நாம் இங்கே விசாரிக்க வேண்டுவதில்லை; நம் வீடுகளில் இல்லாததா?

கணவர் வந்ததும் அவரிடம் வந்து சேர்ந்தார். கொடுமுடி, கும்பகோணம், 1920 ஜனவரியில் சென்னை என்று இருப்பிடம் மாறிக்கொண்டே வந்தது. க்ஷயரோகம் என்றே அக்காலத்து வைத்தியர்கள் எண்ணினார்கள். 1994-ல் ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாமென்று எழுதினார். எந்த நோயானாலும் படுக்கையருகில் இருப்பவருக்கு வேலை ஒன்றுதானே! வேளை தவறாமல் சாதம், எலுமிச்சம்பழ ரசம், மோர் கொடுக்க வேண்டும். காலிலும் மார்பிலும் வலி கண்டால் வெந்நீர் வைத்து ஒற்றடமிட வேண்டும். இருபது வயதுப் பெண் இதைச் செய்துகொண்டிருக்க, நோயாளி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உலகம் இன்றும் ஆராயும் ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றி அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1920 ஜனவரி 12-ல். ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார், வயது முப்பத்திரண்டு.

நம்மவர் சரித்திரங்கள் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். அம்மையாருக்கோ இன்னும் எழுபத்து நான்கு வருஷங்கள் மீதியிருந்தன. பல்கலைக்கழகம் அளித்த உதவித்தொகை சொற்பம். பம்பாயில் தையல் கற்று, திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, ஊசியையும் நூலையும் கொண்டு ஜீவித்தார். 1950-ல் சிநேகிதி ஒருவர் இறக்க, அவருடைய சிறு பிள்ளையைத் தம் பிள்ளையாய் வளர்த்தார். முதுமையில் அப்பிள்ளையின் குடும்பமே அவரைப் பேணிற்று. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லையென்ற அவரது குறை தேசாந்தரத்துக் கணிதர் காதுக்கு எட்டியது. ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கர் சக கணிதரிடம் பொருள் சேர்த்து, பால் கிரான்லண்டு என்ற சிற்பியைக் கொண்டு வெண்கல மார்புருவம் செய்வித்தார். ஒன்று அம்மையார் வீட்டுக்கு வந்தது. 1994 ஏப்ரலில் அவர் காலஞ்சென்றார். ஒற்றடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்கள் இரண்டையும் முதுமையிலும் தம்முடனேயே வைத்திருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. என் தகப்பனார் பக்கவாதத்தால் நான்கு வருஷம் கிடந்தபோது, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, உடுப்பு மாற்றியவர் என் விதவை அத்தை. நான் உத்தியோகத்தைக் காரணம் காட்டி மாதமொருமுறை வந்து பார்த்தவன். தகப்பனார் காலமானபோது நமது சஞ்சிகையில் மூன்று பத்தி சரமக் குறிப்பு எழுதியவன் நானே. தர்மகர்த்தா வேலை, வீட்டுமனை தானம், எல்லாம் அதில் உண்டு; அத்தையின் பெயர் இல்லை. அவரும் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவந்திருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் பத்திராதிபரிடம் கொடுப்பேன். அடுத்த இதழில் இடம் தர வேண்டும்.