ஞானத்தாய்



நமது குடும்பங்களில் ஓர் அழகான உறவுச் சொல் உண்டு: ஞானத்தாய். திருமுழுக்கின்போது குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பவர் அவர். ஆனால் பல வீடுகளில் அந்த உறவு, ஒரு புதுச்சட்டை, ஒரு மோதிரம், ஒரு புகைப்படம் என்று அன்றைக்கே முடிந்துவிடுகிறது. திருச்சபைச் சட்டத்தின் 872ஆம் எண் ஞானப்பெற்றோரிடம் எதிர்பார்ப்பதோ வேறு. திருமுழுக்குப் பெற்றவர் அதற்கேற்ற கிறிஸ்தவ வாழ்வு வாழ அவர்கள் துணைநிற்க வேண்டும். அது ஒரு நாள் வேலை அல்ல, ஆண்டுக்கணக்கான தாய்மை.

இந்தத் தாய்மை எப்படி இருக்கும் என்பதை லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் காட்டுகிறது. வானதூதர் சொன்ன செய்தியை நெஞ்சில் சுமந்துகொண்டு, இளம்பெண் மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து செல்கிறார். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர் என்ன பேசும்? வயதில் மூத்த எலிசபெத்து அவரிடம் விசாரணை நடத்தவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே ஆசி. அந்த ஆசியைக் கேட்ட பிறகே மரியாவின் உள்ளம் திறந்து புகழ்ப்பாடலாகப் பொங்குகிறது. மூன்று மாதமளவு அங்கே தங்கிய மரியா, பின்பு தம் வீடு திரும்புகிறார். ஏற்றுக்கொள்வது, ஆசி கூறுவது, உடனிருப்பது, உரிய நேரத்தில் வழியனுப்பி வைப்பது: ஞானத்தாயின் பணி முழுவதும் இந்த ஒரு வீட்டில் அடங்கியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இதே பணி கைமாறிக் கைமாறிச் சென்றதை ஒரு புனிதையின் வாழ்வில் காண்போம். ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரில் 1515ஆம் ஆண்டு பிறந்த புனித தெரேசா, சிறுவயதிலேயே தாயை இழந்தவர். துயரம் தாங்காமல் அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் சென்று, இனி நீரே எனக்குத் தாயாக இரும் என்று அழுது மன்றாடினார். பதினாறு வயதில் அவருடைய தந்தை அவரை அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் தங்கவைத்தார். முதல் எட்டு நாள்கள் அவருக்குப் பெரும் வேதனை. துறவறம் என்றாலே அப்போது அவருக்குப் பிடிக்காது.

அங்கே மாணவியரைக் கவனித்துக்கொண்டவர் மரியா தெ பிரிசேனோ என்ற அருள்சகோதரி. மாணவியர் உறங்கிய அறையிலேயே அவரும் உறங்கினார். கடவுளைப் பற்றி இனிமையாகப் பேசினார். தமக்கு இறையழைத்தல் வந்த கதையைச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அந்த நல்ல பேச்சுதான் தம் மனதைத் திருப்பத் தொடங்கியது என்று தெரேசா பிற்காலத்தில் நன்றியோடு எழுதி வைத்தார். கார்மேல் சபையைப் புதுப்பித்து, 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனிதையை, உலகம் அதிகம் அறியாத ஒரு சகோதரி இவ்வாறு உருவாக்கினார்.

பெற்றதைத் தெரேசா தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1570இல் அவருடைய மடத்தில் சேர்ந்தவர் அன்னா. ஆடு மேய்த்து வளர்ந்தவர், அவரும் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், எழுதத் தெரியாதவர். தெரேசாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகினார். அவருடைய கடிதங்களை எழுதிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். 1577ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவு, தெரேசா படியில் விழுந்து கை ஒடிந்தபோது, அவருக்கு உடை உடுத்திப் பணிவிடை செய்தவரும் அன்னாவே. 1582 அக்டோபரில் தெரேசா உயிர்விட்டது இந்த மகளின் கரங்களில்தான். பின்பு அதே அன்னா பிரான்சுக்கும், ஆண்ட்வெர்ப் நகருக்கும் சென்று பலருக்குத் தாயானார். 1917இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

தாயில்லாத பிள்ளை இன்னொரு தாயில்லாத பிள்ளைக்குத் தாயாகிறார்! நான் படிக்கவில்லை, எனக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கத் தெரியாது, எனக்கே ஆயிரம் கவலை என்று ஒதுங்கும் நம் சகோதரிகளுக்கு இதைவிட ஆறுதலான செய்தி உண்டா?

நம் பங்குக்குப் புதிதாக மணமாகி வந்த மருமகள் இருக்கிறாள். கணவனை இழந்து, பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீடு திரும்பும் பெண் இருக்கிறாள். வேலைக்காக வெளியூரில் விடுதியில் தங்கி, செபத்தை மெல்ல மெல்லக் கைவிடும் மகள் இருக்கிறாள். இவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் ஏராளம்; அருகில் அமர்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டதை அன்பியக் கூட்டத்தில் பேசாமல், தம் உள்ளத்திலேயே வைத்துச் செபிக்கும் தாய்தான் இன்னும் அரிது.

தாய்மார்களே, இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஞானப்பிள்ளை யார், எங்கே இருக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு போதும், கண்டிக்க வேண்டாம், "எப்படிம்மா இருக்க?" என்று கேளுங்கள். ஞானப்பிள்ளை இல்லாதவர்கள், ஆலயத்தில் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் அமருங்கள். இளம்பெண்களே, நீங்களும் தயங்காதீர்கள். மரியாவே ஓர் எலிசபெத்தைத் தேடிச் சென்றார்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, எங்களை நம்பிக்கையில் வளர்த்த அன்னையருக்காக உமக்கு நன்றி. நாங்களும் பிறரை ஆசியோடு வரவேற்று, பொறுமையோடு வளர்த்து, மகிழ்வோடு வழியனுப்பும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.