தாயத்தும் தொப்புள்கொடியும்



காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுவது நம் நாட்டில் பல வீடுகளில் உள்ள வழக்கம். பேயும் கண்ணேறும் அண்டாதிருக்கவென்றுதான் நேற்றுவரை காரணம் சொன்னார்கள். இன்றைக்குப் படித்தவர்களே புதுக் கரடி விடுகிறார்கள். கொடியில் ஸ்டெம் செல் இருப்பது நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியுமாம். பின்னால் மருந்துக்கு உதவுமென்றே தாயத்தில் வைத்தார்களாம்!

ஸ்டெம் செல் என்றால் என்ன? சிவப்பணு, வெள்ளையணு முதலிய இரத்த அணுக்களையெல்லாம் உண்டாக்கவல்ல மூல உயிரணு. பிள்ளை பிறந்ததும் கொடியிலும் நஞ்சிலும் தங்கும் இரத்தத்தில் அது இருக்கிறது. அந்த இரத்தத்தை அப்பொழுதே எடுத்து, பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால்தான் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். இடுப்பு வியர்வையில் கிடக்கும் சருகில் எந்த அணு பிழைத்திருக்கும் என்று கேட்கிறோம்.

குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த இந்த இரத்தத்தின் யோக்கியதையை உலகம் கண்டது 1988-இல்தான். பான்கோனி என்ற பரம்பரை இரத்தநோய் கொண்ட அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது எடுத்து வைத்த கொடி இரத்தத்தைப் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற அம்மையார் ஏற்றினார். 25 ஆண்டு கழிந்த பின்னும் அவன் நலமாயிருந்தான். 1992-இல் நியூயார்க்கில் பொது வங்கி ஏற்பட்டது. முன்பின் அறியாதவர் பிள்ளையின் இரத்தம் யாரோ ஒரு இரத்தப்புற்று நோயாளிக்கு உதவிற்று. அங்கே திசுப் பொருத்தம் பார்க்கிறார்களேயொழிய நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பதில்லை.

ஆனால் வியாபாரி சும்மா இருப்பானா? "உன் பிள்ளைக்கென்றே சேமித்து வை, எந்த வியாதி வந்தாலும் கவலையில்லை" என்று பிள்ளைத்தாய்ச்சியின் பயத்தைக் காசாக்குகிறான். தகப்பன் கடன்பட்டாவது கட்டுகிறான். பரம்பரை நோயாயிருந்தால் அதே கோளாறு அந்த இரத்தத்திலும் இருக்குமே! இரத்தப்புற்றிலும் நோயின் வித்து பிறக்கும்போதே அதில் இருக்கக்கூடும். சிறுவனைப் பிழைப்பித்தது தங்கையின் இரத்தமேயன்றி அவனுடையதன்று. வீட்டில் முன்னமே ஒரு பிள்ளைக்கு அத்தகைய நோயிருந்தால் அடுத்ததன் கொடி இரத்தத்தைச் சேமிப்பது நியாயம். மற்றபடி தன் பிற்கால உபயோகத்துக்கென்று வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017-இல் சொல்லிவிட்டது. வெள்ளித் தாயத்து போய் நைட்ரஜன் தாயத்து வந்திருக்கிறது, விலைதான் அதிகம்.

இன்னொன்று. பிறந்ததும் கொடியை வெட்ட ஒரு நிமிஷமாவது பொறுத்தால் அந்த இரத்தத்தில் ஒரு பகுதி குழந்தைக்கே போய் இரும்புச்சத்தாகச் சேரும். உலக சுகாதார ஸ்தாபனமும் அதையே சொல்லுகிறது. ஆகையால் புட்டி நிறைய வேண்டுமென்று யாராவது அவசரப்படுத்தினால், பொறுக்கச் சொல்லுங்கள்.