மா மூட்டையும் கோட்டை மானும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் சீனி வருத்தத்தில்தான் தொடங்குவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் பார்த்துக்கொள்வோம். இன்று நான் கார்ட்டூன் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன வருடம் ஆறு மாதம், இரவுக் கடமை இல்லாத நாட்களில், இணையவழியில் கதாபாத்திர அனிமேஷன் படித்தேன். வரைந்த உருவத்தை உயிருள்ள ஆளைப் போல அசைய வைக்கும் கலை அது. "நாற்பது தாண்டின பிறகு இதென்ன விளையாட்டு?" என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

முதலில் துள்ளும் பந்து வரையச் சொன்னார்கள். அடுத்தது பாதி நிரம்பிய மா மூட்டை. அதற்குக் கண்ணில்லை, வாயில்லை, நாலு மூலைதான். அது கவலைப்பட வேண்டும், பயப்பட வேண்டும், சோம்பல் முறிக்க வேண்டும். டிஸ்னி கலைஞர்களின் பழைய பயிற்சி இது. எதை வரைந்து காட்டினாலும் "பாரம் எங்கே?" என்றுதான் ஆசிரியர் கேட்பார். கரைவலை இழுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. கை கயிற்றில் இருந்தாலும் பாரம் மணலில் புதைந்த குதிக்காலில் இருக்கும்.

டிஸ்னியில் வேலை செய்த பிராங்க் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்டன் இருவரும் 1981இல் எழுதிய நூலில் இந்தக் கலைக்கு 12 விதிகளை விளக்கினார்கள். அவற்றில் ஒன்று, எந்த அசைவுக்கும் முன்பு அதற்கான ஆயத்தம் தெரிய வேண்டும் என்பது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்று நாங்கள் சொல்வதுதான். ஒரு விநாடிப் படத்தில் 24 சட்டகங்கள். ஆயத்தத்துக்குரிய மூன்று நாலு சட்டகங்களை விட்டுவிட்டால் உருவம் கயிற்றில் தூக்கிய பொம்மை போல எழும்பும்.

கதிரையிலிருந்து எழும்பும் ஒருவரைப் பாருங்கள். பாதங்கள் பின்னால் போகும், நெஞ்சு முன்னால் சாயும், பிறகுதான் உடம்பு எழும்பும். வயது போனவர்களுக்கு நாங்கள் செய்யும் சோதனை ஒன்று 1991இல் வெளியானது. கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழக்கூடியவர் என்று கவனிப்போம். 12 விநாடி என்றால் 288 சட்டகங்கள். இப்போது மணிக்கூட்டை மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு அம்மாவை மகள் கூட்டிவந்தார். "சோம்பல் கூடிப்போச்சு டொக்டர், ஒரு வேலையும் செய்யிறா இல்லை" என்றார். வாசலிலிருந்து வரும்போது அம்மாவின் வலக்கை வீசியது. இடக்கை வயிற்றோடு ஒட்டி நின்றது. திரும்பும்போது தலை முந்தவில்லை. முழு உடம்பும் அலுமாரி போல, நாலைந்து சிற்றடி வைத்துத் திரும்பியது. நடுக்கம் இல்லை. பாக்கின்சன் நோய் நடுக்கம் இல்லாமலும் தொடங்கும். மருத்துவ பீடத்தில் இவற்றையெல்லாம் அடையாளங்களின் பட்டியலாகப் படித்தோம். ஆனால் ஒரு உருவத்தை நடக்க வைப்பதற்காக ஒரே கையைப் பன்னிரண்டு தரம் வரைந்தவளுக்கு, வீசாத கை கண்ணில் குத்தும். மருந்து தொடங்கிய பிறகு மகள் சோம்பல் என்ற சொல்லை எடுக்கவில்லை.

இனி மான். 1942இல் வந்த 'பாம்பி' படத்துக்காக டிஸ்னி கலையகத்துக்கு உயிருள்ள மான்குட்டிகளைக் கொண்டுவந்து வைத்து வரைந்தார்கள். அந்தப் படத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்த கிளெயர் வீக்ஸ். அவர் 1956இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளைஞர்களுக்கு இந்தக் கலையைப் படிப்பித்தார். 1957இல் அங்கே உருவான படமும் மான் கதைதான்: ஜாதகக் கதையைத் தழுவிய 'பன்யன் டியர்'. அவரிடம் படித்த ராம் மோகன் பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பேரெடுத்தார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது என்ன தெரியுமா? இரசாயனவியல். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளின் தாய்மார் கவனிக்கவும்.

அவர்கள் மானைக் கொண்டுவந்து பார்த்தார்கள். எங்களுக்கு அது பிரெட்ரிக் கோட்டைக்குள் படுத்திருக்கிறது. நகரத் தெருவில் நின்று பொலித்தீனும் மெல்லுகிறது, பாவம். நாலுகால் மிருகத்தை எழுப்பச் சொல்லி வகுப்பில் வீட்டுவேலை வந்தபோது, ஞாயிறு காலையில் கோட்டைக்குப் போய் இருந்தேன். மான் மாட்டைப் போலப் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். வெளிநாட்டு மாணவர் பலர் குதிரையைப் போல முன்காலில் எழுப்பிவிட்டார்கள். அன்று எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை.

சங்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சாதாரண தரத்தோடு சித்திரத்தை விட்டுவிட்டு உயர்தரத்தில் விஞ்ஞானத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் வரைய இடம் கொடுங்கள். மதிப்பெண் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். கண்ணாடி பதித்த மேசை, அடியில் ஒரு மின்குமிழ், ஒரு கட்டுத் தாள் போதும். திறன்பலகைக்குச் சேர்க்கும் பணத்தில் அது மிகச் சிறிய பங்கு. முதல் மாதம் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போக நான் ஆயத்தம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வரட்டும். வாழைப்பழம் கொண்டுவந்தால் பைக்குள் ஒளித்து வைக்கச் சொல்லுங்கள், மான் விடாது.