சோரியாசிஸ் மருந்து உண்போரும் தடுப்பூசியும்

(நமது சங்கத்தின் கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நாம் மருத்துவப் பொருளொன்றைப் பேச முற்பட்டது உங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நாம் மருத்துவரல்லோம். ஆயினும் சென்ற ஆண்டு நம் உறவினர் இல்லத்தில் நேர்ந்த நிகழ்ச்சியொன்று நம்மை வாளா இருக்க விடவில்லை.

கச்சிராயபாளையத்திற்கு அப்பால், கல்வராயன் மலையடிவாரத்திலே மரவள்ளி பயிரிட்டு வாழும் பெரியவர் ஒருவர் உளர். நமக்கு மாமன் முறையினர். அவர் பல்லாண்டுகளாகச் சோரியாசிஸ் என்னும் தோல் நோயால் வருந்தி, மருத்துவர் கூறியவாறு வாரத்திற்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை உண்டு வருபவர். ஒருநாள் மாலை கொல்லையிலிருந்து திரும்புகையில் அவரை நாய் கடித்துவிட்டது. செய்தி கேட்டு நாம் சென்றபோது, அவர் காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். “மாப்பிள்ளை, இந்த மாத்திரை தின்கிறவனுக்கு ஊசியே ஆகாதாமே! போட்டால் உயிருக்கே மோசமாம்” என்றார். யார் சொன்னது என்று வினவினோம். யாரோ சொன்னார்களாம். “மாமா, ஊசி போடாவிட்டாலன்றோ உயிருக்கு மோசம்!” என்று கூறி, அப்பியதை நீக்கிச் சோப்பிட்டு, ஓடும் நீரில் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி, அவ்விரவே அவரை அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த டாக்டர், அவர் உண்ணும் மாத்திரையின் பெயரைக் கேட்டறிந்து, காயத்தைச் சுற்றி இம்யுனோகுளோபுலின் என்னும் மருந்தைச் செலுத்தி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் தொடங்கினார். மாமன் இன்று நலமாக இருக்கின்றார்.

அந்த “யாரோ சொன்ன சொல்” முழுப்பொய்யன்று, பாதி மெய். பாதி மெய்யே முழுப்பொய்யினும் கொடிது. ஆதலின் அதனைப் பிரித்துக் காட்டுவதே நமது நோக்கம்.

சோரியாசிஸ் என்பதனை இக்காலத்துச் சித்த மருத்துவர் காளாஞ்சகப் படையோடு ஒப்பிடுவர். தோல் சிவந்து தடித்து, வெள்ளிய செதில்கள் உதிரும். இஃது ஒட்டுநோயன்று, தொடுவதாலோ, உடன் உண்பதாலோ பரவாது. நம் உடலிற் கிருமிகளை எதிர்க்கும் காவலொன்று உண்டு. ஊர்க்காவலன் கள்வனை விடுத்து வீட்டாரையே அடிக்கத் தொடங்கினாற்போல, அக்காவல் நம் தோலையே தாக்குவதால் வருவது இந்நோய். அதனைத் தணிக்க மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் ஆகியனவும், ஊசி வாயிலாகச் செலுத்தும் பயாலஜிக் மருந்துகளாகிய அடாலிமுமாப், செக்குகினுமாப் முதலியனவும் வழங்குகின்றன. 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே, பெங்களூரில், இட்டோலிசுமாப் என்பதும் இந்நோய்க்கென வெளிவந்தது. இவை காவலனின் தடியைச் சற்றே பிடித்து வைப்பவை. தோல் தெளியும், ஆனால் மெய்க்கள்வன் வரும்போது காவல் தளர்ந்திருத்தலும் கூடும். எனவே இம்மருந்து உண்போர்க்குத் தடுப்பூசி பிறரினும் மிகுதியாக வேண்டுமேயன்றிக் குறைவாக அன்று.

ஆயின் தடை யாது? தடுப்பூசி இருவகைப்படும். ஒன்று உயிருள்ள கிருமியை வலியிழக்கச் செய்து இடுவது. மற்றொன்று கொன்ற கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ இடுவது. முன்னது பல் பிடுங்கிய பாம்பு; பின்னது பாம்பு உரித்த சட்டை. காவல் வலிய வீட்டில் பல் பிடுங்கிய பாம்பால் தீங்கில்லை. காவல் தளர்ந்த வீட்டிலோ அதற்கு மீண்டும் பல் முளைத்தல் கூடும். சட்டையினால் எவர்க்கும் அவ்வச்சம் இல்லை.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றிற்குமான ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, பி.சி.ஜி., வாய்வழி போலியோச் சொட்டு ஆகியன உயிருள்ள வகை. காவலைத் தணிக்கும் மருந்து உண்போர் இவற்றைத் தாமாகச் சென்று ஏற்றல் ஆகாது. இன்புளூயன்சா ஊசி, நியுமோகாக்கஸ் நிமோனியா ஊசி, மஞ்சட்காமாலை பி வகை ஊசி, தனுர்வாத ஊசி, வெறிநாய்க்கடி ஊசி ஆகியனவும், 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அக்கி நோய்க்கான புதிய ஊசியும் உயிரற்ற வகை. இவற்றை ஏற்கலாம். நாய்க்கடிக்கோ எத்தடையும் இல்லை.

இவ்வச்சம் நேற்றுத் தோன்றியதன்று. 1796-ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் கண்ட அம்மைப்பால், 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இடப்பெற்று, இந்திய நாட்டிற் பரவலாயிற்று. அஃது உயிருள்ள வகையாதலின், கரப்பான் உள்ளோர்க்கு அதனைக் குத்துதல் தீங்கென மருத்துவர் கண்டனர். “தோல் நோயாளிக்கு ஊசி ஆகாது” என்னும் பேச்சிற்கு இஃதும் ஒரு வித்தாக இருந்திருக்கலாம். ஆனால் உலகினின்று பெரியம்மை ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பெற்றது. அவ்வூசியும் பொதுமக்களிடையே நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. நம் மாநிலத்திலேயே கிண்டிக் கிங் நிலையமும், 1907-இல் தோன்றிய குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் இத்துறையில் ஆற்றிய தொண்டினை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன சில கூறுவோம்.

முதலாவது, காலம். மருந்து தொடங்குமுன்னரே தடுப்பூசிகளை முடித்துக்கொள்ளல் நன்று. உயிரற்றவை இரண்டு வாரத்திற்கு முன்னும், உயிருள்ளவை நான்கு வாரத்திற்கு முன்னுமேனும் முடிதல் பொதுவாகக் கொள்ளும் அளவு. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளியின் நிலையோடு காலத்தையும் கருதுமாறு மருத்துவனுக்குக் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, ஊசிக்காக மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. இங்கிலாந்தில் சோரியாசிஸ் நோயாளிகளையும் மூட்டழற்சி நோயாளிகளையும் கொண்டு 254 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கொரோனா ஊசிக்குப்பின் மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் நிறுத்தினோர்க்கு எதிர்ப்பொருள் இரு மடங்கிற்கு மேல் மிகுந்தது. ஆயினும் சிலர்க்கு நோய் மீண்டும் கிளர்ந்தது. எனவே நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவர் முடிவே. இம்மாத்திரை வாரத்திற்கு ஒருமுறை உண்பது என்பதையும் மறவற்க. நாள்தோறும் உண்டால் உயிர்க்கே கேடாம்.

மூன்றாவது, வீட்டிலுள்ள குழந்தைகட்குரிய ஊசிகளை நிறுத்தலாகாது. பேரனுக்குப் போலியோச் சொட்டோ, ரோட்டா வைரஸ் சொட்டோ கொடுத்தபின், அவன் மலத்துணியைப் பிறர் மாற்றுதல் நன்று. இயலாதெனின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. கருவுற்ற மகளிர் பயாலஜிக் மருந்து பெற்றிருப்பின், குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி. இடுமுன் அச்செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுக. மெத்தோட்ரெக்சேட்டோ கருவுற்றோர் அறவே உண்ணலாகாது.

நான்காவது, எந்த ஊசியையும் ஏற்குமுன் உண்ணும் மருந்தின் சீட்டைக் காட்டுக. 2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் சில மாநிலங்களில் பெரியோர்க்கும் பி.சி.ஜி. இட்டு ஆராயும் திட்டம் தொடங்கிற்று. இத்தகைய முகாம்களில் வரிசையில் நிற்பவர் வாய்திறந்து கூறாவிடில், செவிலியர் எவ்வாறு அறிவார்?

அன்பர்களே! நாம் சொல்லவந்ததன் உயிர்நிலை இங்கேதான் உளது. நம்மவர் வாய் திறவாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, நாணமும் ஆகும். வீட்டில் ஒருவர்க்குச் சோரியாசிஸ் உண்டென்றால் பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் பின்வாங்குவர் என்று அஞ்சி, நோயை மறைக்கின்றனர். நோயை மறைப்பவர் மருந்தையும் மறைக்கின்றனர். மருந்தை மறைப்பவர் ஊசி இடுவோர் முன்னும் மறைக்கின்றனர். நம் மாமனும் தம் மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். மகளின் திருமணம் முடியும்வரை யாரும் காணலாகாதாம்! கேட்பதற்கு ஒருவரும் இன்றியே “யாரோ சொன்ன சொல்” அவர்க்கு வேதமாயிற்று. இந்நோயில் பரம்பரைச் சார்பு சிறிது உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெற்றோர்க்கு இருப்பின் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதில்லை. அவ்வச்சத்தை அவர்க்கு ஊட்டியவர் யார்? இச்சபையில் அமர்ந்திருக்கும் நாமேயன்றோ? சம்பந்தம் பேசும்போது தோலைப் பார்த்துத் துரும்பாக எண்ணும் வழக்கத்தை நம் சங்கத்தார் விடுவாராயின், அதுவே நூறு ஊசிகட்குச் சமமாகும்.

2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. வெள்ளிமலையினின்று இறங்கிவருவோர்க்கும் வழி முன்னினும் அணித்தாயிற்று. வழி அணித்தாகியும் வாய் திறவாதிருப்பின் பயன் என்? மருந்துச் சீட்டைப் பானையினின்று எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள்; ஊசி இடுவோர் முன் அதனை நீட்டுங்கள்.