வித்தியாசமானவர் எல்லாரும் மனநோயாளரா?

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமக்குச் சர்க்கரை நோய் வந்தால், சாப்பிடும் மாத்திரையின் பெயரைக்கூடப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுகிறோம். மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம். "ஊர் சிரிக்கும், பெண்ணுக்கு வரன் வராது" என்று அஞ்சுகிறோம். இந்த அச்சத்தால் எத்தனையோ பேர் மருத்துவரைக் காணாமலே வாடுகிறார்கள். ஆகவே குடும்பங்களாகக் கூடியிருக்கும் இவ்வேளையில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். இயல்பான நடத்தை எது? பிறழ்ந்த நடத்தை எது? இதை எந்த அளவுகோலால் அளப்பது?

உளவியலார் இதற்குச் சில அளவுகோல்களை வகுத்திருக்கிறார்கள்.

முதலாவது, எண்ணிக்கை. பெரும்பாலோர் செய்வது இயல்பு. மிகச் சிலர் செய்வது பிறழ்வு. ஆனால் இது மட்டும் போதாது. கணித மேதை இராமானுஜன் கோடியில் ஒருவர். அதனால் அவர் நோயாளர் ஆவாரா? ஒரு தெருவில் பத்துக்கு எட்டு ஆண்கள் நாள்தோறும் குடித்தால் குடி நலமாகிவிடுமா?

இரண்டாவது, சமூக வழக்கம். நம் பாகலூரில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். ஒருவர் வீட்டுச் சடங்கு மற்றவர் கண்ணுக்கு விந்தையாகப் படும். விந்தையாகப் படுவதெல்லாம் நோயாகுமா? இந்த அளவுகோலால் உலகில் பெரும் அநீதிகள் நிகழ்ந்ததுண்டு. 1851ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எஜமானரிடமிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒருவகை மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலை வேட்கைக்கே நோய் என்று பெயர் சூட்டினார்! சென்ற நூற்றாண்டில் சோவியத் நாட்டில் அரசை எதிர்த்துப் பேசிய பலர், மனநோயாளர் என்று முத்திரை குத்தப்பட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டார்கள்.

மூன்றாவது, அந்த மனிதர் படும் துன்பம். இதிலும் கவனம் தேவை. கணவரை இழந்த பெண் கதறி அழுவது மனித இயல்பு. மாறாக, சிலவகை மனநோயில் நோயாளர் அளவு கடந்த உற்சாகத்தில் மிதப்பார். தமக்குக் குறையேதும் இருப்பதாகவே நினைக்கமாட்டார்.

நான்காவது, அன்றாட வாழ்வை நடத்த இயலாமை. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறவரிடம் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் வாரக்கணக்கில் தூங்காமல், உண்ணாமல், வேலைக்கும் போகாமல், யாரோ தம்மைக் கொல்ல வருவதாக நடுங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு உதவி தேவை. ஐந்தாவது, தமக்கோ பிறருக்கோ ஏற்படக்கூடிய ஆபத்து. அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. தேர்ந்த மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறார். அப்படியானால் மனநலம் என்பது என்ன? நோய் இல்லாதிருத்தல் மட்டும் மனநலமாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம் திறமைகளை உணர்ந்து, வாழ்வின் நெருக்கடிகளைத் தாங்கி, பயனுற உழைத்து, தம் சமூகத்துக்கும் இயன்றதைச் செய்யக்கூடிய நிலையே மனநலம்.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதைத் தெளிவாக்குகிறது. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு ஆகியவற்றில் ஏற்படும் கடுமையான குலைவு ஒருவரது தீர்மானிக்கும் ஆற்றலையோ வாழ்க்கையையோ வெகுவாகப் பாதித்தால் அது மனநோய். ஊரார் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாரையும் மனநோயாளர் எனத் தீர்மானிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. எவரையும் சங்கிலியால் கட்டுவதையும் அச்சட்டம் தடை செய்கிறது.

அந்தத் தடை ஏன் தேவைப்பட்டது? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இதைக் கேட்டு எந்த மதத்தாரையும் நாம் குறைகூற வேண்டாம். நம் திருத்தலங்களுக்கும் பேய் ஓட்டவென்று நோயாளரை அழைத்துவருகிறோம் அல்லவா? செபியுங்கள், மருந்தும் கொடுங்கள். செபம் மருந்தைத் தடுப்பதில்லை.

உதவி தொலைவில் இல்லை. நாடறிந்த மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ், பெங்களூரில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் 1974இல் இணைந்து உருவானது அது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் குலைந்த தாய், தன் குழந்தையோடு தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவும் அங்குண்டு. 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் அந்நிறுவனம் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருப்பது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. எண்ணிப் பாருங்கள், இக்கூட்டத்தில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன! பயணம் செய்ய இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையை இலவசமாகப் பெறலாம்.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள புனித திம்ப்னா ஆலயத்துக்கு இடைக்காலத்தில் மனநோயாளர் திரளாக வந்தார்கள். இடம் போதாமற்போகவே ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றார்கள். உண்ணவும் உழைக்கவும் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் அங்கு நிலைத்திருக்கிறது.

அன்பு மக்களே, நம்மால் இயன்றது என்ன? "பைத்தியம்" என்ற சொல்லை இன்றோடு விடுவோம். சற்று வேறுவிதமாக வாழ்கிறவரை அவர் போக்கில் வாழ விடுவோம். துன்புறுகிறவரைக் கண்டால் அவர் குடும்பத்தோடு பஸ் ஏறி மருத்துவமனைவரை உடன் செல்வோம். ஒவ்வொரு அன்பியமும் இவ்வாண்டில் ஒரு குடும்பத்துக்கேனும் இப்படித் துணைநின்றால், நம் யூபிலி பொருளுள்ளதாகும். இறைவன் உங்கள் அனைவருக்கும் மன அமைதி அருள்வாராக!