வெயிலறிந்து கட்டிய கலைக்கூடங்கள்

மலாக்கா மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. ஆனால், நாடகம் போட்ட கோயில் திடலும், பிள்ளைகள் ஆடிப் பழகிய தோட்ட மண்டபமும் போனது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கலைக்கு மீண்டும் ஓர் இடம் அமைக்க நினைப்போருக்கு, ஒரு வெளிநாட்டுக்காரரின் வாழ்க்கை நல்ல பாடம்.

அவர் பெயர் ஜோசப் ஆலன் ஸ்டைன். 1912-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்தவர். 1952-ல் கல்கத்தா அருகே சிப்பூரில் உள்ள பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமையேற்க வந்தார். பிறகு டெல்லியில் குடியேறி, பல்லாண்டுகள் அங்கேயே தொழில் நடத்தினார்.

நடனக் கலைஞர் சுந்தரி ஸ்ரீதராணி 1950-ல் டெல்லியில் ஒரு காப்பிக் கடைக்கு மேலிருந்த அறையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதுதான் திரிவேணி கலா சங்கம். அதற்கு ஸ்டைன் வடிவமைத்த கட்டடம் 1963-ல் திறக்கப்பட்டது. கிடைத்ததோ சிறிய நிலம். அதற்குள் நடன, இசை வகுப்பறைகள், ஓவியக் காட்சிக்கூடம், புல்தரையுடன் திறந்தவெளி அரங்கு, தேநீர் அருந்த ஓர் இடம் எல்லாம் அமைந்தன. துளைகள் கொண்ட திரைச்சுவர் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டது. ஓவியம் பார்க்க வந்தவர் காதில் பாட்டு விழும். ஆட வந்த பிள்ளை சிற்பத்தைப் பார்த்துக்கொண்டே போகும். அங்கே இன்றும் வகுப்புகள் நடக்கின்றன.

1962-ல் லோதி தோட்டத்தை ஒட்டி இந்திய சர்வதேச மையம், 1993-ல் நிழல் முற்றங்களுடன் இந்தியா ஹாபிடட் மையம் என அவர் பணி தொடர்ந்தது. 1992-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 2001-ல் அமெரிக்காவில் காலமானார்.

புதிதாக வந்த மண்ணின் வெயிலையும் காற்றையும் அறிந்து கட்டினார் என்பதே அவருடைய சிறப்பு. மலாக்காவின் பழைய கடைவீடுகளிலும் இதே அறிவு இருக்கிறது. நடுவே வானம் பார்த்த முற்றம். முன்னால் நிழல் தரும் நடைபாதை. அந்த நகரம் 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

கோயில் நிர்வாகத்தினரும் இயக்கப் பொறுப்பாளர்களும் மண்டபம் கட்டத் திட்டமிடும்போது, திருமண விருந்துக்கு எத்தனை மேசை போடலாம் என்பதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. வார நாள் மாலையில் பத்துப் பிள்ளைகள் மிருதங்கம் பழக ஓர் அறையும், பெற்றோர் காத்திருக்க ஒரு தாழ்வாரமும், ஒரு மர நிழலும் வரைபடத்தில் இருக்கட்டும். குளிர்சாதனக் கட்டணத்துக்குப் பயந்து வகுப்பை நிறுத்த வேண்டிய நிலை அங்கே வராது.