களம் நீங்கியும் குன்றாத புகழ்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டு வீரனின் புகழ் பெரும்பாலும் அவன் களத்தில் நிற்குங் காலம் வரையிலேயே நிலைப்பது. புதியவன் ஒருவன் தோன்றியதும் பழையவன் பெயர் மறைந்து போகின்றது. இதற்கு விலக்காக யப்பானில் ஒருவர் உளர். யூடோ வீரர் யசுஹிரோ யமஷிற்றா 1985ஆம் ஆண்டில், தமது 28ஆம் வயதில், போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார். நாற்பது ஆண்டுகள் சென்றும் அந்நாட்டு மக்கள் அவரை மறந்திலர். அதன் காரணத்தை நாம் சிறிது சிந்திப்போம்.

யூடோவை 1882இல் வகுத்தவர் ஜிகோரோ கானோ என்னும் கல்விமான். தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கைகளுள் ஒன்று. ஆதலால் யூடோப் போட்டி வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகின்றது.

1957இல் குமமோட்டோ மாகாணத்திற் பிறந்த யமஷிற்றா, சிறுவயதிற் பருத்த உடலும் அடங்காத முரட்டுத்தனமும் உடையவர். அவரை நெறிப்படுத்தவே பெற்றோர் யூடோ பயிலச் செய்தனர். அந்த முரட்டுப் பலமே பயிற்சியாற் பெருந்திறனாயிற்று. 1977 முதல் 1985 வரை அகில யப்பான் வீரர் பட்டத்தைத் தொடர்ந்து 9 முறை பெற்றார். சமநிலையில் முடிந்தவை நீங்கலாக, 203 போட்டிகளில் தொடர்ந்து வென்றார்.

ஆயினும் இவ்வெண்கள் மாத்திரம் அவர் புகழுக்குக் காரணமல்ல. 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக் விழாவை யப்பான் பகிஷ்கரித்தது. பல்லாண்டு உழைப்பு ஒரு தீர்மானத்தால் வீணாயிற்று. அதே மே மாதத்திற் காலெலும்பும் முறிந்தது. அவரோ மனந்தளராது மேலும் நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தார்.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இரண்டாவது போட்டியிலேயே வலக்காலின் கெண்டைத்தசை கிழிந்தது. நொண்டியவாறே இறுதிப் போட்டிக்கு வந்தார். எதிர்நின்றவர் எகிப்து நாட்டின் முகம்மது ரஷ்வான். யமஷிற்றா அவரை நிலத்தில் அமுக்கிப் பிடித்து வென்றார். காயமுற்ற காலைக் குறிவைத்து வெல்லத் தாம் விரும்பவில்லை என்று ரஷ்வான் பின்னர் கூறினார். பரிசு மேடையில் ஏற இயலாது நின்ற யமஷிற்றாவுக்குக் கைகொடுத்து உதவியவரும் அவரே. தோற்ற அவ்வீரரின் பண்பு சர்வதேச நேர்மை விருதினாற் கௌரவிக்கப்பட்டது. யமஷிற்றாவுக்கு அவர் நாட்டரசு அவ்வாண்டிலேயே மக்கள் கௌரவ விருதை வழங்கியது.

பெரியோர்களே! அன்று வென்றவர் ஒருவர், உயர்ந்தவர் இருவர். யப்பானியர் அவ்விறுதிப் போட்டியை நினைக்குந்தோறும் இருவரையும் சேர்த்தே நினைக்கின்றனர்.

ஓய்வின் பின் அவர் பயிற்றுநராகித் தேசிய அணியை வழிநடத்தினார். பிற நாடுகளில் யூடோ பயிலும் சிறுவர்களுக்குப் பழைய யூடோ உடைகளைத் திரட்டி அனுப்பும் பணியிலும் ஈடுபட்டார். 2019இல் யப்பானிய ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். 2023 அக்டோபரில் நேர்ந்த விபத்தொன்றிற் கழுத்தில் முண்ணாண் பாதிப்புற்றது. எவரையும் வீழ்த்திய உடல் தளர்ந்தது. மக்கள் அன்போ தளரவில்லை.

இளைஞர்களே! உடல் வலிமையைத் தேடுங்கள், அது வேண்டியதே. ஆனால் உடல் ஒருநாள் நம்மைக் கைவிடும். எதிரியையும் மதிக்கும் பண்பு கைவிடாது. நம்மாற் தோற்றவனும் நம்மை வாழ்த்துவானாயின், அதுவே நிலைத்த வெற்றி. அத்தகைய வலிமையும் அடக்கமும் நம் அனைவருக்கும் வாய்க்க இறைவன் திருவருள் புரிவானாக.